பிரவுனிக்குக் கொடுக்காத மருந்து

எங்கள் வீட்டு பிரிட்ஜின் கதவில், முட்டை வைக்கும் குழிகளுக்கு மேலே, மூடி உடைந்த சின்னத் தட்டு ஒன்று இருக்கிறது. பட்டர் வைப்பதற்கென்று செய்த இடம். எங்கள் வீட்டில் பட்டர் வாங்குவது அபூர்வம். வெட்டி மிச்சமான தேசிக்காய்ப் பாதி, இஞ்சித் துண்டு, கோயிலில் இருந்து வந்த திருநீற்றுப் பொட்டலம் என்று எதையாவது அதில் போட்டு வைப்போம். அவற்றோடு ஒரு மாத்திரை அட்டையும் கிடக்கிறது. அதில் ஒரேயொரு குமிழ் மட்டும் உடைந்திருக்கிறது. மற்ற மாத்திரைகள் வாங்கிய அன்று இருந்தபடியே இருக்கின்றன. அக்கா பிரிட்ஜைக் கழுவும்போதெல்லாம் அந்த அட்டையை எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, மறுபடியும் அதே இடத்தில் வைப்பாள். ஏன் வைக்கிறாய் என்று நான் கேட்டதில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் உன் முகம் ஏன் அப்படிப் போகிறது என்று அவளும் கேட்டதில்லை. அது எங்கள் நாய்க்கு வாங்கிய வலி மருந்து. நாய் இப்போது இல்லை.

நான் மாத்தளை டவுனில் ஒரு பார்மசியில் வேலை செய்கிறேன். கவுண்டருக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் கேட்பது ஒன்றுதான்: "தங்கச்சி, வலிக்கு நல்ல ஸ்ட்ரோங்கா ஒண்ணு குடுங்க." டொக்டர் துண்டு இருக்கிறதா என்று கேட்டால் உடனே முகம் கோணும். பல்வலிக்காரர் முழங்கால் வலிக்காரரைத் தள்ளிக்கொண்டு கையை நீட்டுவார். மனிதர் தன் வலிக்கு ஒரு நிமிடம் பொறுக்க மாட்டார். அடுத்த ஜீவனுடைய வலி என்றால் எவ்வளவு நாள் வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்வார். இந்தப் பாடம் எனக்குக் கவுண்டரில் கிடைக்கவில்லை, வீட்டுப் பின்வாசலில் கிடைத்தது. அதைப் புகட்டியவர் என் அக்காவின் கணவர், எங்கள் அத்தான். நான் அறிந்த மனிதர்களில் ஆக நல்லவர் அவர்தான். இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை.

அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போன பிறகு, பள்ளிக்கூடப் பையும் ஒரு தகரப் பெட்டியுமாக நான் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அக்காவுக்குக் கல்யாணமாகி அதிக காலம் ஆகியிருக்கவில்லை. புது மாப்பிள்ளையின் தலையில் மைத்துனியை வளர்க்கும் பொறுப்பைக் கட்டினால் யாருக்கும் முகம் கொஞ்சம் இருளத்தான் செய்யும். அத்தானுக்கு இருளவில்லை. மிளகு, சாதிக்காய், கராம்பு வாங்கி விற்பது அவர் தொழில். பல்லேபொலப் பக்கம் தோட்டந்தோட்டமாகப் போய், காய்ந்ததும் காயாததுமான மிளகைக் கையில் அள்ளி உருட்டிப் பார்த்து, விலை பேசி, தன் சின்ன லொறியில் ஏற்றி வருவார். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் என்னையும் முன் சீட்டில் ஏற்றிக்கொள்வார். மிளகுச் சாக்கு வாசனைக்கு எனக்குத் தும்மல் வரும். நான் ஒவ்வொரு முறை தும்மும்போதும் அவர் ஹார்ன் அடிப்பார். ரோட்டில் போகிறவர்கள் திடுக்கிட்டுத் திரும்புவார்கள். அவர் ஒன்றும் தெரியாதவர் போல ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருப்பார்.

ஒருமுறை எனக்குக் கடைவாய்ப் பல் வீங்கி, பிடுங்க வேண்டியதாகிவிட்டது. பல் டொக்டரின் நாற்காலியில் ஏற மாட்டேன் என்று நான் போட்ட கூச்சலில் வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். பிடுங்கியதைவிட அதற்குப் பிறகு பட்டதுதான் பெரிய பாடு. வீட்டுக்கு வரும் வழியில் மரமரப்புத் தெளிந்து வலி ஏறியது. நான் துடித்ததைப் பார்த்துவிட்டு அத்தான் லொறியை ஓரங்கட்டினார். தன் வலது உள்ளங்கையின் ஓரத்தை என் வாயின் மறுபக்கத்தில் வைத்து, "கடி பாப்பா. நல்லா கடி. கொஞ்சம் எனக்கும் வரட்டும்" என்றார். நான் மிச்சம் வைக்காமல் கடித்தேன். அந்தத் தழும்பு அவர் கட்டைவிரலுக்குக் கீழே இன்றைக்கும் இருக்கிறது. யாராவது கேட்டால், "வீட்டுல ஒரு நாய்க்குட்டி வளக்கிறேன், அது கடிச்சிருச்சு" என்பார். நான் கோபித்துக்கொண்டு சாப்பிட மறுப்பேன். அவர் தட்டோடு என் பின்னாலேயே வருவார்.

உண்மையான நாய்க்குட்டி வந்தது நான் பார்மசியில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான். கலேவெலச் சந்தைக்குப் போனவர், வெங்காய மூட்டைகளுக்கு இடையில் நசுங்கக் கிடந்த ஒரு குட்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தார். உரித்த கறுவாப் பட்டையின் நிறம். பிரவுனி என்று பெயர் வைத்தோம். அக்காவும் நானும்தான் சோறு வைப்போம், குளிப்பாட்டுவோம், உண்ணி எடுப்போம். அதற்கு எங்கள் மேல் ஒரு மரியாதை இருந்தது, அவ்வளவுதான். உயிரெல்லாம் அத்தான் மேல். அவருடைய லொறிச் சத்தம் தெருமுனையில் கேட்டால் போதும், வாயில் இருக்கும் எலும்பைக்கூடப் போட்டுவிட்டுக் கேட்டுக்கு ஓடும். அவர் நாக்கைச் சொடுக்கி ஒரு சத்தம் எழுப்புவார். எங்கே கிடந்தாலும் அந்தச் சத்தத்துக்கு வந்துவிடும். படுப்பது எப்போதும் அவருடைய அறை ஜன்னலுக்குக் கீழே.

அத்தானுக்கு முதுகு வலி வந்தபோது மூட்டை தூக்கிய பிடிப்பு என்றுதான் எல்லாரும் நினைத்தோம். எண்ணெய் தேய்த்தோம், ஒத்தடம் கொடுத்தோம். பிறகு இடது கால் இழுக்க ஆரம்பித்தது. கண்டிக்குக் கொண்டுபோய்ப் படம் எடுத்துப் பார்த்ததில் முதுகெலும்பில் கட்டி என்றார்கள். நல்ல கட்டியில்லை. கதிர் சிகிச்சை தொடங்கியது. எங்கள் ஊர்ப் பேச்சில் அதற்குக் கரண்ட் பிடிப்பது என்று பெயர். வலிக்கு ஒரு சிரப் கொடுத்தார்கள், இருப்பதிலேயே வலுக்கூடிய மருந்து. ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து கொடுக்க வேண்டும். அக்கா சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே நின்றுகொண்டு, நேரம் ஒரு துளி பிந்தாமல் அதைக் கொடுப்பாள். அந்த நாட்களிலேயே பிரவுனியும் முன்னங்காலை ஊன்றாமல் நடக்கத் தொடங்கியது. முள் குத்தியிருக்கும் என்று பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். முள் இல்லை. மணிக்கட்டுக்கு மேலே எலும்பு தடித்துப் போயிருந்தது. மிருக வைத்தியரிடம் காட்டினேன். எலும்பில் கட்டி, நெஞ்சுக்கும் பரவிவிட்டது, வெட்டிப் பிரயோசனமில்லை, இருக்கும்வரை வலி தெரியாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

வீட்டில் நோயாளி இருந்தால் நாலு பேர் பார்க்க வருவார்கள். ஹோர்லிக்ஸ் போத்தலும் ஆப்பிளுமாக வந்து, தங்களுக்குத் தெரிந்தவருக்கு இதே நோய் வந்து செத்த கதையைச் சொல்லிவிட்டுப் போவார்கள். அப்படித்தான் எதிர்வீட்டு மாமியும் வந்தார். சாய்மனைக் கதிரையில் அத்தான், வாசற்படியில் பிரவுனி. அத்தான் எழுந்து காலை இழுத்துக்கொண்டு உள்ளே போனார். பிரவுனியும் எழுந்து காலைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போனது. மாமி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்துவிட்டு அக்காவிடம் சொன்னார்:

"நீ கவலப்படாத புள்ள. அவருக்கு வந்தத அந்த வாயில்லா ஜீவன் வாங்கிக்கிச்சு. இனி அவருக்கு ஒண்ணும் வராது."

இது எங்கள் பக்கத்தில் எல்லாரும் சொல்கிற பேச்சு. வளர்த்த ஆடோ மாடோ நாயோ செத்துப்போனால், வீட்டு மனிதருக்கு வர இருந்த கண்டத்தை அது எடுத்துக்கொண்டு போய்விட்டது என்பார்கள். கேட்பவருக்கும் மனம் ஆறும், செத்ததற்கும் ஒரு மரியாதை. செத்த பிறகு சொல்ல வேண்டியதை மாமி நாய் உயிரோடு இருக்கும்போதே சொல்லிவிட்டார். சொன்னவர் மாரி பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்றுவிட்டு எழுந்து போனார். வீட்டுக்குப் போனதும் மறந்தும் போயிருப்பார். அக்கா மறக்கவில்லை.

அதற்குப் பிறகு பிரவுனிக்கு அக்காவின் உபசாரம் தொடங்கியது. ஈரல் வந்தது, முட்டை வந்தது. வெள்ளிக்கிழமையானால் சாம்பிராணிப் புகை காட்டி நெற்றியில் திருநீறு பூசினாள். ஒரு பிடி சோற்றை அத்தானின் தலையைச் சுற்றி எடுத்து, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்து, அதைக் கொண்டுபோய் பிரவுனிக்கு ஊட்டினாள். நாய் அவள் கையை நக்கியது. அதற்கென்ன தெரியும், எசமான் வீட்டில் திடீரென்று தன்னைக் கவனிக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டிருக்கும். வைத்தியர் தந்து நான் கொடுத்துவந்த சின்ன மருந்துக்கு வலி கேட்காமல் போனது. படுத்தால் எழும்ப முடியாது, எழுந்தால் படுக்க முடியாது. அரை உட்காரலில் நின்று காலை நக்கும், பிறகு மூக்கை மேலே தூக்கி நீளமாக ஒரு சத்தம் போடும். குரைப்பும் இல்லை, ஊளையும் இல்லை. அந்தச் சத்தம் கேட்டால் அக்கா கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிட்டு அத்தானின் அறையைப் போய்ப் பார்ப்பாள். அவர் தூங்கிக்கொண்டிருந்தால் அவள் முகத்தில் ஒரு நிம்மதி வரும்.

மறுபடி வைத்தியரிடம் போனேன். சின்னப் பெண், சிங்களப் பெண், நல்ல மாதிரி. வலுக்கூடிய மருந்து எழுதிக் கொடுத்தார். கொடுத்தால் தூங்கிக்கொண்டே இருக்கும், சாப்பாடு குறையும், உங்களைப் பார்த்து வாலாட்டுவதுகூடக் குறையலாம், ஆனால் வலி தெரியாது, யோசித்து முடிவெடுங்கள் என்று சிங்களத்தில் விளங்கப்படுத்தினார். எனக்கு யோசிக்க என்ன இருக்கிறது? வாலாட்டத்தைப் பார்ப்பதற்காகவா இந்த வேதனையை வைத்துக்கொண்டிருப்பது? அட்டையை வாங்கிக்கொண்டு வந்தேன். ஒளித்து மறைத்துக் கொடுக்கவும் நினைக்கவில்லை. பின்வாசலில் உட்கார்ந்து, ஒரு மாத்திரையை உடைத்தெடுத்து, ஈரல் துண்டுக்குள் அழுத்தி பிரவுனியின் வாயில் வைத்தேன்.

அக்கா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். "என்னத்தடி குடுக்குற?" என்றாள். பெரிய மருந்து என்றேன். வாளி உருண்டது. சவர்க்கார நுரைக் கையோடு ஓடி வந்து, ஒரு கையால் நாயின் மேல்வாயைப் பிடித்துத் தூக்கி, மறு கையை முழங்கை வரைக்கும் விடுகிறவள் போலத் தொண்டைக்குள் விட்டாள். ஒரு எறும்பை மிதிக்க யோசிக்கிறவள் என் அக்கா. நாய்க்குக் குமட்டியது, கண் பிதுங்கியது, கெட்ட கால் தரையில் இழுபட்டது. ஆனால் வாயை மூடவில்லை. அந்த வலியிலும் அவளுடைய விரலில் பல் பட்டுவிடக் கூடாது என்று தாடையை விறைத்துக்கொண்டு நின்றது. அக்கா மாத்திரையைத் தோண்டி எடுத்துச் சாக்கடைக் கானில் வீசினாள். பிறகு அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்து அழுதாள்.

"என் தாலிய அறுக்கிறதுக்கா நான் ஒன்ன வளத்தேன்?"

"அக்கா, அத்தானுக்கு வலி கொறஞ்சது சிரப்பால. கரண்ட் புடிச்சதால."

"அதே சிரப்பத்தான் ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில்ல இருந்தாரே, அவருக்கும் குடுத்தாங்க. அதே கரண்ட்தான் புடிச்சாங்க. இப்ப எங்க அந்தாளு? அவங்க வீட்டுல நாய் இல்லடி."

அந்த மனிதர் போன கிழமைதான் இறந்திருந்தார். மருந்துகளுக்கு நடுவில் நாள் முழுக்க நிற்கிறவள், எந்த மருந்து எங்கே போய் என்ன செய்யும் என்று கேட்டால் சொல்லக்கூடியவள் நான். உண்மையைச் சொன்னால் எனக்கும் உள்ளே ஒரு நடுக்கம் ஓடியது. நாய் கத்திய பொழுதெல்லாம் அத்தான் தூங்கியதை நானும் பார்த்திருந்தேன். சிரப்பின் அளவைக் கூட்டியதும் அந்தக் கிழமைதான், அது எனக்குத் தெரியும். தெரிந்தும் நடுங்கியது.

எல்லாம் அக்காவின் பைத்தியம், அத்தானுக்குத் தெரியாது, தெரிந்தால் விடமாட்டார் என்று நான் நம்பினேன். சந்தையில் நசுங்கிக் கிடந்ததைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்த மனிதர் அல்லவா? அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா கோயிலுக்குப் போனதும் அவர் அறைக்குப் போனேன். ஜன்னல் திறந்திருந்தது. அதற்குக் கீழே பிரவுனி முனகிக்கொண்டிருந்தது. அத்தான் தலையணைகளில் சாய்ந்து பேப்பரைப் பிடித்திருந்தார். படிக்கவில்லை.

"அத்தான், பிரவுனிக்கு ரொம்ப முடியல. டொக்டர் நல்ல மருந்து குடுத்திருக்காங்க. அக்கா விடமாட்டேங்குறா. நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

"தெரியும் பாப்பா" என்றார்.

நான் அடுத்த வார்த்தைக்குக் காத்திருந்தேன். அவர் பேப்பரை நாலாக மடித்தார். மடித்ததைத் தடவித் தடவிச் சமமாக்கினார்.

"அடுத்த ஸ்கேன் எடுத்து ரிப்போட் வர்ற வரைக்கும் இருக்கட்டும்."

"எது இருக்கட்டும்?"

"இப்பிடியே இருக்கட்டும்." பிறகு என்னைப் பார்க்காமல், "எனக்கு இதுல நம்பிக்க இல்ல பாப்பா. ஆனா இல்லன்னு யாருக்குத் தெரியும்? பயமா இருக்கு" என்றார்.

ஜன்னலுக்குக் கீழே இருந்து அந்த நீளமான சத்தம் வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணில் இருந்து தண்ணீர் வழிந்தது. அதைத் துடைக்காமலே கையை என் பக்கம் நீட்டினார். தழும்பு இருக்கும் கை. எதற்கு நீட்டுகிறார் என்று எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. சிரப் குடிக்கும் நேரம் வந்திருந்தது. நான் சிரிஞ்சில் அளந்து எடுத்து அவரிடம் கொடுத்தேன். ஒரு சொட்டு விடாமல் உறிஞ்சிவிட்டு, "தண்ணி கொஞ்சம்" என்றார். தண்ணீரும் கொடுத்தேன்.

அவர் மேல் எனக்கு வந்த வெறுப்பு அக்கா மேல் வந்ததைவிடப் பெரிது. அக்காவுக்கு நம்பிக்கை இருந்தது. நம்பிக்கையுள்ளவர்கள் எதையும் செய்வார்கள், அவர்களோடு சண்டையாவது போடலாம். இவர் நம்பாமலே செய்தார். நாயின் வலியால் தனக்கு ஒன்றும் ஆகப் போவதில்லை என்று தெரிந்தும், ஒருவேளை ஆனாலும் ஆகலாமே என்று அதை அப்படியே விட்டுவைத்தார். வீட்டில் கிடக்கிறதே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று பழைய குடையை வைத்துக்கொள்வதில்லையா, அந்த மாதிரி.

மறுநாள் ஒரு த்ரீவீல்காரரை வரச் சொன்னேன். வைத்தியரிடம் கொண்டுபோய் அங்கேயே ஊசி போட்டுவிடுவது, அவர் முடித்துவிடலாம் என்றால் முடித்தும் விடுவது என்று தீர்மானித்திருந்தேன். பின் சீட்டில் மிளகுச் சாக்கை விரித்து, ட்ரைவரும் நானுமாக பிரவுனியைத் தூக்கி ஏற்றினோம். நான் பக்கத்தில் உட்கார்ந்து அதன் உடம்பை அணைத்துக்கொண்டேன். அக்கா கத்துவாள், கேட்டை மறிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வாசலில் நின்று கூந்தலை அள்ளி முடிந்தாள். அவளுக்குப் பின்னால் கைத்தடியை ஊன்றிக்கொண்டு அத்தான் வந்தார். அவர் படியிறங்கிப் பல நாள் ஆகியிருந்தது. கீழ்ப்படியில் நின்று மூச்சு வாங்கினார். பிறகு நாக்கைச் சொடுக்கினார்.

என் கைக்குள் இருந்த உடம்பு அப்படியே முறுக்கிக்கொண்டது. எழும்பவே முடியாத நாய்க்கு அந்தப் பலம் எங்கிருந்து வந்ததோ! அதை இறுக்கிப் பிடிக்க ஒரே வழிதான் இருந்தது, கெட்ட காலோடு சேர்த்து அமுக்குவது. அமுக்கினேன். அது போட்ட சத்தத்தில் கை தானாக விட்டுவிட்டது. த்ரீவீலுக்குத்தான் கதவில்லையே. அந்தக் காலிலேயே போய் விழுந்தது. விழுந்து, புரண்டு, வயிற்றால் இழுத்துக்கொண்டு, முற்றத்து மண்ணில் கோடு போட்டபடி அவரிடம் போனது. போய் அவருடைய செருப்பின் மேல் தாடையை வைத்துக்கொண்டு வாலை ஆட்டியது.

"பாத்தியா பாப்பா" என்றார் அத்தான். குரல் உடைந்திருந்தது. "அதுவே வருது."

ட்ரைவர் திரும்பி என்னைப் பார்த்து, "போறமா மிஸ், இல்லையா?" என்று கேட்டார். நான் இறங்கினேன்.

அன்றைக்கே கேட்டுக்கும், மாத்திரை அட்டை இருந்த பிரிட்ஜுக்கும் பூட்டு விழுந்தது. சாவிகளை அக்கா ஊக்கில் கோத்துத் தன் தாலிக்கொடியிலேயே மாட்டிக்கொண்டாள். பின்வாசலில் பாய் விரித்து நாயோடு இருந்தாள். ஈரலைத் தானே அவித்து, தானே பிசைந்து, தானே ஊட்டினாள். நான் கிட்டப் போனால் என் கையைப் பார்ப்பாள். ஸ்கேன் எடுக்க அத்தானைக் கண்டிக்குக் கொண்டுபோய் வந்தார்கள். அதற்குள் பிரவுனி சாப்பாட்டை நிறுத்திவிட்டது. அக்கா அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சந்தான் கண்ணு, கொஞ்சம் பொறுத்துக்க" என்று தாலாட்டுகிற குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். உயிரைப் பிடித்து வைத்திருக்கும்படி அதனிடம் கெஞ்சினாள். நாயும் பிடித்து வைத்திருந்தது.

ரிப்போட் வாங்கப் போகிற காலையில் வேன் வந்து நின்றது. அத்தானின் கைத்தடிச் சத்தம் கேட்டதும் பிரவுனியின் வால் நுனி தரையில் ஒருமுறை அசைந்தது. தலையை அதனால் தூக்க முடியவில்லை. அத்தான் அந்தப் பக்கம் திரும்பாமல் வேனில் ஏறினார். அக்கா ஏறப் போனவள் திரும்பி வந்தாள். கொடியில் இருந்து ஊக்கைக் கழற்றி பிரிட்ஜ் சாவியை எடுத்து என் கையில் வைத்தாள்.

"ரிப்போட் எழுதி முடிஞ்சிருச்சாம், போன்ல சொன்னாங்க. இனி நீ குடு."

நான் அட்டையை எடுத்துக்கொண்டு ஓடினேன். வாயைத் திறந்து பார்த்தேன். நாக்கு காய்ந்து மேல்வாயோடு ஒட்டியிருந்தது. விரலில் தண்ணீரைத் தொட்டு வைத்தேன். அது கடைவாயால் வழிந்து பாயில் ஊறியது. தண்ணீரே இறங்காத தொண்டையில் மாத்திரை எங்கே இறங்கும்? வைத்தியருக்குப் போன் செய்தேன். வருகிறேன் என்றார், வழியில் இருந்தார். அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் வந்து சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது. சாகும்போது அதன் கண் கேட்டுப் பக்கம் இருந்தது.

மத்தியானம் கண்டியில் இருந்து போன் வந்தது. கட்டி நன்றாகச் சுருங்கிவிட்டதாம், இனிப் பயமில்லையாம். அக்கா போனிலேயே அழுதாள், சிரித்தாள், ஏதோ சாமியைக் கூப்பிட்டாள். பிறகு அத்தான் போனை வாங்கினார்.

"பிரவுனி?"

"போயிருச்சு அத்தான்."

"எத்தன மணிக்குப் பாப்பா?"

சொன்னேன். பிறகு அவர் அக்காவிடம் மெல்லச் சொன்னது எனக்கும் கேட்டது. டொக்டர் பைலைத் திறந்த நேரமும் அதுதானாம்.

பிரவுனியைப் புதைத்தது போல எங்கள் தெருவில் சில மனிதர்களைக்கூடப் புதைத்ததில்லை. பால் ஊற்றினார்கள், மஞ்சள் தெளித்தார்கள், மல்லிகை மாலை போட்டார்கள். எதிர்வீட்டு மாமி முதல் ஆளாக வந்து, "நான்தான் அன்னைக்கே சொன்னேனே" என்றார். அத்தான் குழியோரத்தில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். பொய் அழுகை என்று சொல்ல எனக்கும் ஆசைதான். பொய் இல்லை. பிரவுனியின் படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டி, சிவப்பு பல்பு எரிய விட்டார். வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டி, "இதுதான் என்னக் காப்பாத்துன தெய்வம்" என்கிறார். அவர்களும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். அந்தப் படத்தைக் கழற்றிச் சுவரில் அடிக்க வேண்டும் போல எனக்கு இன்றைக்கும் வருகிறது.

அவர் நன்றாக இருக்கிறார். சற்றுக் காலை இழுத்து நடப்பதைத் தவிர ஒரு குறையுமில்லை. பல்லேபொலவுக்கு மறுபடி மிளகு வாங்கப் போகிறார். நான் வேலை முடிந்து வரப் பிந்தினால் பஸ் ஹோல்ட்டில் குடையோடு நிற்கிறார். நான் தும்மினால் வாயாலேயே ஹார்ன் அடிக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. வந்த பிறகு என் மேலேயே ஆத்திரம் வருகிறது. அவர் செத்திருக்க வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அவர் பிழைத்ததில் என்னைவிடச் சந்தோஷப்பட்டவள் இந்த வீட்டில் அக்கா மட்டும்தான். ஆனால் அவர் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம், மூடிய கண்ணில் தண்ணீர் வழிய வழிய மருந்துக்குக் கை நீட்டிய அந்த மனிதரும் கூடவே தெரிகிறார். இரண்டு பேரையும் பிரித்து ஒருவரை மட்டும் வைத்துக்கொள்ள எனக்குத் தெரியவில்லை.

வருடத்துக்கு ஒருமுறை அவருக்கு ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். அடுத்தது வருகிற மாதம். போன கிழமை நான் வேலை முடிந்து வந்தபோது முற்றத்தில் ஒரு குட்டி ஓடிக்கொண்டிருந்தது. கறுப்பு, நெஞ்சில் வெள்ளை. கலேவெலையில் ஒருவரிடம் சொல்லி வைத்து எடுத்து வந்தாராம். அத்தான் படியில் உட்கார்ந்து அதை மடியில் இழுத்துப் போட்டு, மல்லாத்தி, காலை நீட்டி மடக்கிப் பார்த்தார். சாதிக்காய் வாங்கும்போது குலுக்கிப் பார்ப்பாரே, அதே கவனம்.

"நெஞ்சப் பாத்தியா பாப்பா, எவ்வளவு அகலம்! எலும்பெல்லாம் நல்ல தடிப்பு. இது தாங்கும்."

"எத அத்தான் தாங்கும்?"

அவர் தழும்புக் கையால் குட்டியின் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தார். உள்ளே இருந்து அக்கா வந்தாள். பிரிட்ஜைக் கழுவிக்கொண்டிருந்திருக்கிறாள், கையில் ஈரத்துணி. அந்த அட்டையை என்னிடம் நீட்டினாள். "இதுக்கு டேட் முடிஞ்சிருச்சு பாரு. வீசிரு. இனி இது எதுக்கு நமக்கு?" என்றாள்.

நான் வாங்கித் திருப்பிப் பார்த்தேன். முடிந்துதான் இருந்தது. ஒரு குமிழ் உடைந்து, மற்றவை முழுசாக. வீசவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கவே உள்ளே போய், பிரிட்ஜைத் திறந்து, தேசிக்காய்ப் பாதிக்குப் பக்கத்தில் அதே தட்டில் வைத்துவிட்டு வந்தேன். முற்றத்தில் குட்டி என் செருப்பைக் கவ்வி இழுத்துக்கொண்டிருந்தது. குனிந்து அதைத் தூக்கினேன். சூடான வயிறு, கைக்குள் துள்ளியது. படியில் இருந்து அத்தான் நாக்கைச் சொடுக்கினார். குட்டி என் கையில் இருந்து நழுவி விழுந்து, எழுந்து, அவரிடம் ஓடியது.